வந்தும் வராத இலக்கியா

மணலூர்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் சுப்புராயனுக்கு ஓய்வு பெறும் நேரத்தில் வீண் வம்பு. பாவம், நல்ல மனுஷர், இன்னும் கொஞ்ச காலம்தான் சர்வீஸ் பாக்கி. அந்தப் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் இலக்கியா என்று ஒரு பிள்ளை இருந்தாள். ஜூன் மாதம் பள்ளி திறந்ததிலிருந்து கார்த்திகை பிறக்கும் வரை ஒருநாள் தவறாமல் வந்தாள். பதிவேட்டின்படி ஒருநாள்கூட வரவில்லை.

இது எப்படி முடியும் என்று கேட்பீர்கள். ஒரு சுற்றறிக்கை இருந்தால் எதுவும் முடியும். வேறெங்கோ ஒரு பள்ளியில் வராத பிள்ளைகளுக்கெல்லாம் வருகை போட்டு மாட்டிக்கொண்டார்கள். உடனே மேலிடத்திலிருந்து ஓர் ஆணை இறங்கியது: ‘ஆசிரியர் பெயரை அழைக்கும்போது, மாணவரின் இருக்கையிலிருந்து பதில் குரல் வந்தால் மட்டுமே வருகை பதிவு செய்யப்பட வேண்டும்.’ சுப்புராயன் சார் முப்பத்து மூன்று வருட சர்வீசில் ஒரு சுற்றறிக்கையையும் மீறியதில்லை. கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல், செயலியில் உள்ள பெயர்களை வரிசையாகக் கூப்பிடுவார். “இலக்கியா!” பதில் வராது. நியாயமான மனுஷர் என்பதால் இன்னொரு தடவையும் கூப்பிடுவார். அப்போதும் பதில் வராது. ‘வரவில்லை’ என்று விரலால் தட்டிவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார்.

இலக்கியாவுக்குக் காது கேட்காது. விஷயம் அவ்வளவுதான். ரொம்பக் கிட்டத்தில் போய்க் கத்தினால் ஏதோ சத்தம் என்று தெரியும். முகத்தைப் பார்த்துப் பேசினால் உதட்டை வைத்துப் பாதியைப் பிடித்துக்கொள்வாள். மற்றபடி கெட்டிக்காரி. எந்த வீட்டு ஆடு எந்த வீட்டு வைக்கோலை மேய்கிறது என்பது வரை அவளுக்குத் தெரியும். ஆனால் மூன்றாம் வகுப்பு வந்தும் ‘அ’ எது ‘ஆ’ எது என்று தெரியவில்லை. நோட்டு முழுக்கக் கோழிப் படமாக வரைந்து வைத்திருந்தாள்.

அந்த நோட்டை ஒருநாள் அவள் அம்மா மலர்விழி பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தாள். மலர்விழி ஐந்தாம் வகுப்போடு நின்று நடவுக்கும் களையெடுக்கவும் போனவள். அப்பா அஜித்குமார் சின்னசேலத்தில் மக்காச்சோள மூட்டை ஏற்றுகிறான். வாரம் ஒருநாள் வீட்டுக்கு வருவான். தங்கள் பிள்ளையும் வெயிலில் நின்றே சாக வேண்டுமா என்பது இரண்டு பேருக்கும் உள்ள ஒரே கவலை. காது கேளாத பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவே சிறப்பாசிரியர் ஒருவர் வட்டாரத்துக்கு உண்டு, வாரம் ஒரு தடவை வந்தாக வேண்டும் என்று ஊருக்கு வந்த நர்சம்மா சொல்லிவிட்டுப் போனார். மலர்விழி அன்றே களைவெட்டியை வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள்.

“சிறப்பாசிரியரா? அது பள்ளிக்கு வர்ற பிள்ளைங்களுக்கும்மா,” என்றார் சுப்புராயன். “உம் பொண்ணு இந்த வருஷம் ஒருநாளும் வர்லியே.”

மலர்விழி திகைத்துப்போனாள். “இன்னா சார் இப்புடி சொல்றீங்க? டெய்லி நாந்தான தல பின்னி அனுப்புறேன். நீங்களும் பாத்துக்கினுதான இருக்கீங்க?”

“பாக்குறேன்மா. கண்ணால பாக்குறேன், இல்லன்னு சொல்லல. ஆனா கண்ணால பாத்தா வருகை போடலாம்னு சுற்றறிக்கையில இல்லியே.”

“மத்தியானம் சோறு துன்னுதே சார். முட்ட துன்னுதே. சத்துணவு நோட்டுல இருக்கும், எடுத்துப் பாருங்க.”

“முட்டை வேற துறைம்மா,” என்றார் சுப்புராயன், பொறுமையாக. “அந்தத் துறைக்கு உம் பொண்ணு வந்திருக்குது. எங்க துறைக்கு வரல. நான் இன்னா பண்ணட்டும்?”

அந்த நேரம் பார்த்து இலக்கியா ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து சாரின் மேசையில் வைத்தாள். தினமும் பதினோரு மணிக்கு அவர் தண்ணீர் குடிப்பார் என்று அவளுக்குத் தெரியும். “நல்ல பொண்ணு,” என்று அவள் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு, சுப்புராயன் தண்ணீரைக் குடித்தார். வராத பிள்ளை வகுப்புக்குத் திரும்பிப் போனாள்.

மலர்விழி விடவில்லை. மறுநாள் வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குப் பஸ் ஏறினாள். அங்கே ஒருங்கிணைப்பாளராக இருந்தவர் பகலவன். வயது நாற்பதுக்குள், சட்டைப்பையில் மூன்று பேனா, சுவர் நிறைய வண்ண வண்ணமாகப் புள்ளிவிவரப் படம். யாரை யாரோடு ஒருங்கிணைக்கிறார் என்று அங்கே யாருக்கும் தெரியாது. ஆனால் மரியாதையான ஆள். மலர்விழியை உட்காரச் சொன்னார், மனுவை வாங்கினார், ஒரு புதுக் கோப்பை எடுத்து இலக்கியாவின் பெயரை அழகான கையெழுத்தில் எழுதினார்.

“கோப்பு திறந்தாச்சும்மா. கோப்பு திறந்துட்டா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. பல பேரு பாதி வேலையோடயே நல்லா இருக்காங்க. அடுத்த வாரம் செவித்திறன் முகாம் இருக்கு. பொண்ணக் கூட்டிக்கினு வாங்க.”

முகாம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. ஷாமியானா, ஒலிபெருக்கி, பிளக்ஸ் பேனர் என்று குறை சொல்ல முடியாத ஏற்பாடு. இருபத்திரண்டு பிள்ளைகள் வந்திருந்தார்கள். பிள்ளைகளை உள்ளே நாற்காலியில் உட்காரவைத்து, பெற்றவர்களைக் கயிறு கட்டி வாசலில் நிறுத்தினார்கள். பெற்றவர்கள் பக்கத்தில் இருந்தால் ஜாடை காட்டிவிடுவார்கள், பரிசோதனை சுத்தமாக இருக்காது என்று விளக்கம். பகலவன் மைக்கைப் பிடித்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். கூப்பிட்டவுடன் எழுந்து வந்தால் காது நன்றாகக் கேட்கிறது என்று பொருள். அந்தப் பிள்ளைக்கு முகாம் தேவையில்லை. எழுந்து வராவிட்டால் வரவில்லை என்று பொருள்; வராத பிள்ளையை டாக்டர் எப்படிப் பார்ப்பார்?

மூன்று பிள்ளைகள் எழுந்து வந்தார்கள். இட்லி தருகிறார்கள் போலிருக்கிறது என்று கூடவே வந்த அண்ணன்மார்கள் அவர்கள். அவர்களுக்குக் காது கேட்கிறது என்று சான்றிதழ் கொடுத்தார்கள். மீதிப் பத்தொன்பது பேரும் மேலே சுற்றும் மின்விசிறியை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“சார், அந்தப் பச்சப் பாவாட எம் பொண்ணுதான் சார்! அங்கதான் குந்திக்கினு இருக்குது!” என்று மலர்விழி கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினாள்.

பகலவன் மைக்கிலேயே பதில் சொன்னார். “அம்மா, உங்களுக்குக் காது கேக்குதுன்னு எனக்குத் தெரியுது. சந்தோஷம். பரிசோதனை உங்களுக்கு இல்ல.”

மாலையில் அவர் அறிக்கை எழுதினார். செவித்திறன் குறையுடைய குழந்தைகள் எவரும் முகாமுக்கு வரவில்லை. எனவே இவ்வட்டாரத்தில் அத்தகைய குழந்தைகள் இல்லை. முகாம் மாபெரும் வெற்றி. சரி, குழந்தைகளே இல்லாத இடத்தில் சிறப்பாசிரியர் எதற்கு? கலையரசி என்ற அந்தச் சிறப்பாசிரியரைக் கல்வராயன் மலைக்கு அனுப்பினார்கள். மலையில் அப்போது நடக்க முடியாத ஒரு பையனுக்குக் காலுக்குப் பயிற்சி கொடுக்க ஆள் கேட்டிருந்தார்கள். காதுக்குப் படித்த கலையரசி அங்கே போனார். காலுக்குப் படித்தவர் சமவெளியில் ஏற்கெனவே நன்றாக நடக்கிற பிள்ளைகளை மேற்பார்வை செய்துகொண்டிருந்தார். “பணிகளைச் சமமா நிரவியிருக்கோம்,” என்று பகலவன் கூட்டத்தில் சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அஜித்குமார் வீட்டுக்கு வந்தபோது மலர்விழி எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். “வுடு மலரு,” என்றான் கடைசியில். “நம்ம ஒண்ணு கேட்டா அவங்க ஒண்ணு சொல்றாங்க. பெரிய எடம்.”

“வுடறதா? நீ மூட்ட தூக்கற, நான் சேத்துல நிக்கிறேன். அதுக்கு அப்புறம் அதுவும் நிக்கணுமா?” என்று மலர்விழி அழுதேவிட்டாள். இலக்கியா ஓடிவந்து அம்மாவின் முகத்தையும் அப்பாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். என்ன நடக்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

கார்த்திகையில் செயலி விழித்துக்கொண்டது. இத்தனை நாள் தொடர்ந்து வராத மாணவி இடைநின்றவராகக் கருதப்படுவார், அவரை வீடு தேடிச் சென்று மீட்க வேண்டும் என்று சிவப்பு எழுத்தில் காட்டியது. பகலவனுக்கு ஒரே உற்சாகம். ஒரு ஜீப், இரண்டு பைக், தப்பு அடிக்க ஒரு ஆள், சாமந்தி மாலை ஒன்று, படம் எடுக்க ஒருவர் என்று படையாகக் கிளம்பி மலர்விழியின் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு ஆளை அனுப்பி, மலர்விழியைக் கரும்புக் கொல்லையிலிருந்து கூட்டிவந்தார்கள்.

“பிள்ளை எங்கம்மா?”

“பள்ளிக்கூடத்துல இருக்குது சார்.”

பகலவன் முகம் வாடிவிட்டது. “பள்ளிக்கூடத்துல இருந்தா எப்படிம்மா மீட்கிறது? வீட்டுல இருந்து மீட்டா மாதிரி போட்டோ வேணுமே.” கொஞ்சம் யோசித்துவிட்டு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். ஜீப்பைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். கணக்குப் பாடத்தின் நடுவில் இலக்கியாவை எழுப்பி வீட்டுக்கு அழைத்துவந்தார்கள். வாசலில் நிறுத்தினார்கள். கையில் ஒரு துடைப்பத்தைக் கொடுத்து, சோகமாக இருக்கச் சொன்னார்கள். அவளுக்குக் கேட்கவில்லை, பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். படம் எடுத்தார்கள். பிறகு துடைப்பத்தை வாங்கிக்கொண்டு, மாலையைப் போட்டு, தப்பு முழங்க ஊர்வலமாகப் பள்ளிக்கு அழைத்துப் போனார்கள். தப்பின் அதிர்வு காலில் ஏறியதால் இலக்கியா வழியெல்லாம் ஆடிக்கொண்டே வந்தாள்.

பள்ளி வாசலில் சுப்புராயன் ஆரத்தித் தட்டோடு நின்றார். பகலவன் பேசினார். “அன்பானவர்களே! இந்தப் பிள்ளை இருட்டில் கிடந்தாள். யாரும் இவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. நாங்கள்தான் தேடிக் கண்டுபிடித்தோம். இனி ஒரு குழந்தையும் எங்கள் கண்ணிலிருந்து தப்ப முடியாது!” பேச்சு முடிகிற வரை அவர் இலக்கியாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கேமராவைப் பார்த்தே நின்றார்.

மறுநாள் காலை சுப்புராயன் சார் வருகை எடுத்தார். “இலக்கியா!” பதில் இல்லை. “இலக்கியா!” ‘வரவில்லை’ என்று தட்டினார். அவருக்கே மனசு கேட்கவில்லை. அன்று மாலை மலர்விழியைக் கூப்பிட்டுவிட்டு, சுற்றறிக்கையை எடுத்து வரி வரியாகப் படித்துக் காட்டினார்.

“இதோ பாரும்மா. மாணவரின் இருக்கையிலிருந்து பதில் குரல் வரணும். இருக்கையிலிருந்துதான் வரணும்னு இருக்குது. யாரோட குரல்னு போடல.”

மலர்விழிக்குப் புரிந்தது. மறுநாளிலிருந்து ஒன்பதரை மணிக்கு மூன்றாம் வகுப்புத் தரையில், மகளை ஒட்டி உட்கார்ந்தாள். “இலக்கியா!” என்றதும், “உள்ளேன் ஐயா!” என்று முப்பது வயதுக் குரலில் சொன்னாள். முதல் நாள் பிள்ளைகளெல்லாம் சிரித்தார்கள். இரண்டாம் வாரத்தில் அவளையும் நொண்டி விளையாடக் கூப்பிட்டார்கள். வருகை முடிந்ததும் வரப்பு வழியே ஓடிக் கொல்லைக்குப் போவாள். “இன்னாடி மலரு, ஒம்போது வாய்ப்பாடு வந்துடுச்சா?” என்று களையெடுக்கும் பெண்கள் கலாய்ப்பார்கள். “வூட்டுப்பாடம் ஜாஸ்தியா இருக்குதுக்கா,” என்பாள் இவள். வேறு என்னத்தைச் சொல்வது?

மார்கழி, தை என்று இரண்டு மாதம் இப்படிப் போனது. அந்த இரண்டு மாதத்துக்கும் இலக்கியாவின் வருகை நூற்றுக்கு நூறு ஆனது. செயலி பச்சை நிறத்தில் பூரித்துப்போனது. மாசியில் பகலவன் கையெழுத்திட்ட ஒரு கடிதம் பள்ளிக்கு வந்தது: ‘முன்னர் பெயரை அழைத்தபோது பதிலளிக்காத மாணவி இலக்கியா, தற்போது தினமும் தெளிவான குரலில் பதிலளிப்பது பதிவுகளின் மூலம் உறுதியாகிறது. மாணவிக்குச் செவித்திறன் முழுமையாகத் திரும்பியுள்ளது. எனவே சிறப்பாசிரியர் சேவை இனித் தேவையில்லை. கோப்பு முடிக்கப்படுகிறது.’

சுப்புராயன் அதைப் படித்துக் காட்டியபோது மலர்விழி கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “உள்ளேன் ஐயா சொன்னா பிள்ளைக்கு நல்லாயிடுச்சு. சொல்லலன்னா பிள்ளையே இல்ல. நான் இன்னாதான் சார் பண்ணணும்? எம் பொண்ணு இங்க இருக்குது, அதுக்குக் காது கேக்கல. ரெண்டையும் ஒண்ணா எழுத உங்க நோட்டுல எடமே இல்லியா?”

சுப்புராயன் கடிதத்தை மடித்து மேசை இழுப்பறையில் வைத்தார். முப்பத்து மூன்று வருடத்தில் அவரிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை.

திறந்த கோப்பைச் சும்மா மூடிவிட முடியாது, அதற்கும் விதி உண்டு. சேவையை முடிக்கும் முன் ‘நிறைவு வகுப்பு’ என்று ஒன்று நடத்த வேண்டும். படம் எடுக்க வேண்டும். வகுப்பு முழுமையாக நடந்தது என்று பெற்றவர் கையெழுத்துப் போட வேண்டும். நடக்காத சேவைக்கு நிறைவு வகுப்பா என்று நீங்கள் கேட்கலாம். விதியில் அந்தக் கேள்விக்குக் கட்டம் இல்லை. அந்த ஒரு வகுப்புக்காகக் கலையரசியை மலையிலிருந்து இறங்கச் சொன்னார்கள்.

ஒரு புதன்கிழமை கலையரசி ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். வளைவு வளைவாக மலை இறங்கி வந்ததில் தலையெல்லாம் புழுதி. முகத்தைக் கழுவிக்கொண்டு, பையிலிருந்து ஒரு கண்ணாடியையும் படம் போட்ட அட்டைகளையும் எடுத்தார். வேப்பமரத்தடியில் இலக்கியாவுக்கு எதிரே, முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்தார். பிள்ளையின் கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டு, “அ...” என்றார். இலக்கியாவின் கண் விரிந்தது. பிறகு அவள் கையை அவள் தொண்டையிலேயே வைத்து, கண்ணாடியைக் காட்டினார். நாலைந்து தடவை வெறும் காற்றுதான் வந்தது. அப்புறம் மொட்டையாக, கட்டைக் குரலில், “அ” என்று வந்தது. விரலில் அது அதிர்ந்ததை உணர்ந்ததும் பிள்ளை எழுந்து ஓடிவந்து மலர்விழியின் தொண்டையில் கையை வைத்தாள். அம்மாவும் ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயையே பார்த்தாள். “உள்ளேன் ஐயா,” என்றாள் மலர்விழி.

ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை. கலையரசி அட்டைகளை எடுத்து வைத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு படிவத்தை நீட்டினார். “மன்னிச்சுக்குங்கம்மா. என் கையில எதுவும் இல்ல. இதுல ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க.”

ஐந்தாம் வகுப்புப் படிப்பு என்றாலும் மலர்விழி எழுத்துக்கூட்டிப் படித்தாள். ‘நிறைவு வகுப்பு முழுமையாக நடைபெற்றது.’ இரண்டாம் தடவையும் படித்தாள். இத்தனை மாதமாகச் சுற்றறிக்கையோடும் சுப்புராயனோடும் பழகியவள் இல்லையா?

“முழுசா நடக்கலியே டீச்சர். ‘அ’ ஒண்ணுதான ஆச்சு? ‘ஆ’ வரலியே.”

கலையரசி நிமிர்ந்து அவளைப் பார்த்தார். “ஆமாங்க,” என்றார் மெதுவாக. “பாதியிலதான் நிக்குது.” பேனாவை எடுத்துப் படிவத்தில் எழுதினார்: ‘நிறைவு வகுப்பு முழுமையடையவில்லை. அடுத்த புதன் தொடரும்.’

பகலவன் பதறிப்போனார். முடியாத சேவையாவது பரவாயில்லை. முடியாத நிறைவு என்றால் சுவரில் உள்ள படத்தில் சிவப்புப் புள்ளி விழும். “என்ன ஆனாலும் சரி, அந்த நிறைவு வகுப்பை முடிக்காம விடாதீங்க. வாரா வாரம் போங்க. இது ஆணை!” என்று எழுத்துமூலம் உத்தரவு போட்டார். கலையரசி அந்த உத்தரவை லேமினேட் செய்து பையிலேயே வைத்துக்கொண்டார்.

பங்குனியில் அவர் இலக்கியாவை முதல் வரிசைக்கு மாற்றினார். சுப்புராயனிடம், “சார், பேர் கூப்பிடறப்போ கொஞ்சம் நிமிர்ந்து அவ முகத்தப் பாருங்க, போதும்,” என்றார். சுப்புராயன் பழைய சுற்றறிக்கைகளையெல்லாம் ஒரு நாள் முழுக்கப் புரட்டினார். தலை நிமிரக் கூடாது என்று எதிலும் இல்லை. மறுநாள் நிமிர்ந்து, “இலக்கியா!” என்றார். “உள்ளேன் ஐயா!” என்று இலக்கியா தானே போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பிலிருந்து இரண்டு பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். சுப்புராயன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

இலக்கியா இப்போது நாலாம் வகுப்பு. நிறைவு வகுப்பு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. பதினோரு மாதம் ஆகிறது. போன புதன்கிழமை பாடப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை விரல் வைத்து, ஊருக்கே கேட்கிற குரலில், தானாகப் படித்து முடித்தாள். கலையரசி வழக்கம்போலப் படிவத்தை எடுத்து நீட்டினார். கேட்க வேண்டியது அவர் கடமை.

“கையெழுத்துப் போடுறீங்களாம்மா?”

மலர்விழி புத்தகத்தை வாங்கிக் கடைசிப் பக்கம் வரை புரட்டிப் பார்த்தாள். “இன்னும் நெறைய பக்கம் இருக்குது போல டீச்சர்.”

“அப்படியா?” என்றார் கலையரசி. படிவத்தை மடித்துப் பையில் வைத்தார். “சரி, அடுத்த வாரம் பாத்துக்கலாம்.”